ஒரு டாக்டர், ஒரு உதவியாளர், ஒரு கருவி: மயக்கத்தில் இருக்கும் விலங்கின் ரத்த ஓட்டத்தை எதை வைத்துப் பார்ப்பது?

கையில் இருக்கிற பணத்துக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம் பக்கம் புதிதாகக் கிளினிக் திறக்கிற கால்நடை மருத்துவர்கள் டேபிளும் ஆட்டோகிளேவும் வாங்கி முடித்த பிறகு இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். பலருக்குப் பதில் தயாராக இருக்கும்: மல்டிபாரா மானிட்டர். வேலூர் ஆஸ்பத்திரி ஊர், சர்ஜிக்கல் கடைகளுக்குப் பஞ்சமில்லை, மனிதர்களுக்கு ஓடிய மானிட்டர் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் ஈசிஜி, ஆக்ஸிஜன், பிபி, வெப்பம் எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும், நாய் கொண்டுவருகிறவர்களுக்கும் பார்க்கப் பெரிதாகத் தெரியும்.

நான் அந்தப் பணத்தில், ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் காதுக்குக் கேட்கவைக்கும் ஒரு நல்ல டாப்ளரும், பிபி பார்க்கக் காலில் கட்டுகிற கஃப் நாலைந்தும் வாங்குவேன். மிச்சத்தில் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர். ஏன் என்று பேசுவதற்கு முன்னால் ஆபரேஷன் அறைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மயக்கத்தை மட்டும் கவனிக்க ஒரு ஆள் வேண்டும், துடிப்பையும் பிபியையும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை எழுதி வைக்க வேண்டும் என்று மயக்கவியல் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சரிதான். ஆனால் நம் பக்கத்துச் சின்னக் கிளினிக்கில் டாக்டரின் இரண்டு கையும் வயிற்றுக்குள் இருக்கும், உதவியாளர் ட்ரிப் பாட்டிலை மாற்றிக்கொண்டோ நூல் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டோ வாசலில் நிற்கிறவரிடம் “இன்னும் அரை மணி நேரம் ஆகும்ண்ணா” என்று சொல்லிக்கொண்டோ இருப்பார். திரையைப் பார்க்க அங்கே கண் மிச்சமில்லை. சும்மா இருப்பது காது ஒன்றுதான்.

காசில்லாத வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தக் கருவி வாங்கினாலும் இது போகப் போவதில்லை. தொடையின் உள்பக்கம் விரல் வைத்து நாடி பார்ப்பது, ஈறின் நிறம் பார்ப்பது, ஈறை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் மயக்கம் தொடர்பான மரணம் நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24, முயல்களில் 1.39 என்று வந்தது. அதே ஆய்வில் பூனைகளுக்கு நாடியையும் ஆக்ஸிமீட்டரையும் வைத்துக் கவனித்த இடங்களில் ஆபத்து குறைவாக இருந்தது. பெரிய இயந்திரங்கள் எதுவும் அந்த வரிசையில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

விரலுக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. விரலில் நாம் உணர்வது மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. 120/80 உள்ள நாய்க்கும் 80/40 உள்ள நாய்க்கும் வித்தியாசம் 40தான், விரலுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். சராசரி அழுத்தத்தைக் கணக்குப் போட்டால், அதாவது கீழ் அழுத்தத்தோடு வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால், முதல் நாய்க்கு 93, இரண்டாவது நாய்க்கு 53. சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் ரத்தம் ஒழுங்காகப் போக இந்தச் சராசரி 60க்குக் கீழே இறங்கக் கூடாது. ‘நாடி நல்லா கிடைக்குது’ என்று சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் சிறுநீரகத்தைப் பட்டினி போட முடியும், மூன்று நாள் கழித்து வாந்தியோடு அந்த நாய் திரும்பி வரும்போது யாரும் மயக்கத்தை நினைக்க மாட்டார்கள்.

உணவுக்குழாய் ஸ்டெத்தஸ்கோப் என்று ஒன்று இருக்கிறது, பலர் மறந்தே போனார்கள். வாய் வழியாக இதயம் இருக்கும் அளவுக்கு உள்ளே விடுகிற மெல்லிய குழாய், வெளிமுனையில் சாதாரண ஸ்டெத்தின் காதுப் பகுதியை மாட்டிக்கொள்ளலாம். விலை அற்பம், கரண்ட் வேண்டாம், மயக்கம் ஆழமானால் இதயச் சத்தம் மங்குவதையும் காட்டிக்கொடுக்கும். குறை என்னவென்றால் ஒருவர் காதில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அந்த ஒருவர் நம்மிடம் இல்லை.

இப்போது மல்டிபாரா மானிட்டரின் கதாநாயகனான ஈசிஜி. இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டால் எந்த வகையில் கெட்டது என்று சொல்ல இதைவிட வேறு கருவி கிடையாது, வயிறு முறுக்கிக்கொண்ட பெரிய நாய்க்கோ மண்ணீரல் எடுக்கும்போதோ இது இல்லாமல் இறங்கக் கூடாது என்பேன். ஆனால் அது காட்டுவது மின்சாரத்தை. போர் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும், குழாயில் தண்ணீர் வராது, நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதயம் ரத்தத்தைத் தள்ளுவதை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் வரை திரையில் கோடு அழகாக ஓடக்கூடும். இன்னொரு தொல்லை, மனிதர்களுக்கான மானிட்டர் சில நாய்களிலும் பூனைகளிலும் ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் கோட்டில் வருகிற டி அலை உயரமாக இருந்தால் அதையும் ஒரு துடிப்பாக எண்ணிவிடும். விரலில் 80 இருக்கும்போது திரை 160 என்று சொல்லும். நம் வெயிலில் கிளிப்புக்குப் போட்ட ஸ்பிரிட் காய்ந்துபோய்க் கோடு உதறுவது தனிக்கதை. காட்டரி, அதாவது ரத்தக்கசிவை மின்சூட்டில் நிறுத்துகிற கருவி, வைத்து வேலை செய்கிறவர்கள் அந்த ஸ்பிரிட்டையே விட்டுவிட்டு ஜெல் போடுங்கள், தீப்பிடிக்கும்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எல்லோரிடமும் இருக்கிறது, கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு ஒன்று கூட இருக்கிறது. விரலில் மாட்டுவதை நாயின் நாக்கில் மாட்டினால் ஓரளவு வேலை செய்யும், நாக்குக்கென்றே இருக்கும் கிளிப் இன்னும் நன்றாகச் செய்யும். கொஞ்ச நேரத்தில் கிளிப்பின் அழுத்தத்தில் நாக்கு வெளுத்து, காய்ந்து, எண் இறங்க ஆரம்பிக்கும். உடனே பதறாமல் ஈரத் துணித் துண்டு ஒன்றை இடையில் வைத்து இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். மேலே எரிகிற ஆபரேஷன் விளக்கும் அளவைக் கெடுக்கும், ஒரு துணியால் மூடினால் போதும்.

அது எதைச் சொல்லாது என்பதுதான் முக்கியம். சிவப்பணுக்களில் இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் ஏற்றியிருக்கிறது என்று சொல்லும், சிவப்பணு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்தம் பாதியாகக் குறைந்த நாய்கள் நம் பக்கம் ஏராளம். அப்படி ஒன்றுக்கு நாக்கு வெள்ளைத்தாள் மாதிரி இருக்கும்போதும் கருவி 98 என்று காட்டும், இரண்டுமே உண்மை. அதே போல, சுத்த ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருக்கும் நாயில் மூச்சு கெட ஆரம்பித்து வெகு நேரம் கழித்துத்தான் எண் அசையும். வெளிக்காற்றை மட்டும் சுவாசிக்கிற விலங்கில், அதாவது சைலசின் கீட்டமின் ஊசியில் செய்கிற கருத்தடை ஆபரேஷன்களில், இதே கருவிக்கு மதிப்பு பல மடங்கு. அங்கே 95க்குக் கீழே வந்தால் பார்க்க வேண்டும், 90 என்றால் கையில் இருப்பதை வைத்துவிட்டு மூச்சுக்குழாயைப் பார்க்க வேண்டும்.

சைலசின் பேச்சு வந்ததால், பிபி தெரியாமல் தடுமாறுகிற இடம் எது என்று இங்கேயே சொல்லிவிடலாம். சைலசின் போட்ட நாயின் துடிப்பு 50க்கு வந்துவிட்டது. துடிப்பைக் கூட்டுகிற அட்ரோபின் போடலாமா? சைலசின் முதலில் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, அதைச் சமன் செய்யத்தான் இதயம் மெதுவாகிறது. அந்த நேரத்தில் அட்ரோபின் போட்டால், ஏற்கெனவே உயர்ந்த அழுத்தத்துக்கு எதிராக இதயத்தை ஓட ஓட விரட்டுகிறோம். கொஞ்ச நேரம் கழித்து அழுத்தம் இறங்கிவிடும், துடிப்பு மட்டும் அதே 50ல் நிற்கும். இப்போது கதை வேறு. ஆக்ஸிமீட்டரும் ஈசிஜியும் இரண்டு நேரத்திலும் 50 என்றே சொல்லும். கஃப் போட்டுப் பார்த்தால்தான் முதலில் 150, பிறகு 75 என்று தெரியும். 150 என்றால் அப்படியே விடலாம், 75 என்றால் ஊசியை எடுக்க வேண்டும்.

ஆக, டாப்ளர். முன்னங்காலின் அடிப்பக்கம், பெரிய பாதத் திண்டுக்குச் சற்று மேலே, மயிரை மழித்து ஜெல் வைத்து, தட்டையான ப்ரோபைப் பிளாஸ்டர் போட்டு லேசாக ஒட்ட வேண்டும், இறுக்கினால் ரத்தக் குழாயே நசுங்கிச் சத்தம் போய்விடும். முதல் சில தடவை தேடுவதற்கே நேரம் பிடிக்கும், அப்புறம் கை பழகிவிடும். பிடிபட்டதும் ‘ஷ்வூ... ஷ்வூ...’ என்று அறை முழுக்கக் கேட்கும். இது இதயத்தின் சத்தம் இல்லை, பாதம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்ட ரத்தத்தின் சத்தம். அளக்க வேண்டுமென்றால் ப்ரோபுக்கு மேலே கஃபைக் கட்டி, சத்தம் நிற்கும் வரை காற்றடித்து, மெதுவாக விட வேண்டும். சத்தம் திரும்பி வருகிற எண்தான் மேல் அழுத்தம். 90க்குக் கீழே என்றால் தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அளக்காத நேரத்திலும் அது பேசிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். கர்ப்பப்பையில் சீழ் பிடித்த நாய் டேபிளில் இருக்கிறது, குட்டி யானைத் தும்பிக்கை போல வீங்கிய கர்ப்பப்பையை வெளியே எடுக்கிறீர்கள், உங்கள் தலை குனிந்திருக்கிறது, சத்தம் லேசாக மெலிகிறது.

“சார், சத்தம் கம்மியாகுது.”

“மயக்க கேஸ் எதுல இருக்கு?”

“ரெண்டுல.”

“ஒண்ணுக்கு இறக்கு, ட்ரிப்பை முழுசாத் திற. கஃப் அடிச்சுப் பாரு.”

உதவியாளர் பட்டம் எதுவும் படிக்காதவராக இருந்தாலும் மெலிந்த சத்தம் எது என்று ஒரு வாரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். ஐசோஃப்ளூரேன் என்கிற அந்த மயக்க கேஸ் ரத்தக் குழாய்களை விரிக்கும், எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு அழுத்தம் இறங்கும், அதனால் முதல் வைத்தியம் பெரும்பாலும் அந்த டயலைக் குறைப்பதுதான். அதற்கப்புறம்தான் நாய்க்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. கணக்கில் திரவம், அதற்கும் அசையாவிட்டால் மருந்து. பூனைக்குத் திரவத்தில் கை இன்னும் சுருங்க வேண்டும்.

குறைகளை மறைக்கப் போவதில்லை. கீழ் அழுத்தமும் சராசரியும் டாப்ளரில் கிடைக்காது. பூனையில் அது காட்டும் எண் உண்மையான மேல் அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்கும், 10 முதல் 15 வரை வித்தியாசம் வரலாம், அதனால் பூனையில் வருகிற எண்ணைச் சராசரிக்குப் பக்கத்தில் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. காட்டரியை அழுத்தும்போதெல்லாம் கர்ணகடூரமாக இரையும். ப்ரோபில் ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தால் அதன் ஆயுள் குறையும், ஒயர் வேருக்குப் பக்கத்தில் மடங்கி அறுந்தால் செலவுதான். விலை குறைவு என்று கர்ப்பிணிகளுக்குக் குழந்தையின் துடிப்பு கேட்கும் கருவியை வாங்கி வந்துவிடாதீர்கள். அது ஆழத்தில் இருப்பதைக் கேட்க 2, 3 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது, தோலுக்கடியில் ஓடும் மெல்லிய குழாய்க்கு 8 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேண்டும். மனிதர்களின் கால் ரத்த ஓட்டம் பார்க்கிற கையடக்க டாப்ளர் அந்த அளவில் வருகிறது, வேலை செய்யும். ஆனால் அதன் ப்ரோப் பேனா மாதிரி இருந்தால் யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மறுபடி ஆள் பிரச்சினைக்கே வந்துவிடுவோம். ஒட்டக்கூடிய தட்டை ப்ரோப் கேளுங்கள்.

பொத்தானை அழுத்தினால் தானாகக் காற்றடித்து மேல், கீழ், சராசரி மூன்றையும் தருகிற தானியங்கி பிபிதான் மல்டிபாராவில் இருப்பது. நடுத்தர, பெரிய நாய்களில், அழுத்தம் சாதாரணமாக இருக்கும்போது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அழுத்தம் விழுந்தால், துடிப்பு ஒழுங்கு தவறினால், மிக மெதுவானால், உடம்பு சிறியதாக இருந்தால், அது திரும்பத் திரும்பக் காற்றடித்துப் பார்த்துவிட்டு எண்ணுக்குப் பதிலாகக் கோடு போடும். நமக்கு எண் தேவைப்படுவதே அந்த நேரத்தில்தான். அந்தக் கோட்டையும் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளப் பழகினால் உபயோகம் உண்டு, பெரும்பாலும் ‘மிஷின் சரியில்லை’ என்று கஃபைத்தான் மாற்றிக் கட்டுகிறோம்.

கஃப் விஷயத்தில் இரண்டு கருவிக்கும் ஒரே சட்டம். கட்டுகிற இடத்தின் சுற்றளவில் சுமார் 40 சதவீதம் கஃபின் அகலம் இருக்க வேண்டும், பூனைக்கு 30 முதல் 40. காலின் சுற்றளவு 12 செ.மீ. என்றால் 5 செ.மீ.க்குப் பக்கத்தில். சின்ன கஃப் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும், பெரியது குறைத்துக் காட்டும். பச்சிளம் குழந்தைகளுக்கான கஃப் 1 முதல் 5 வரை எண் போட்டு வருகிறது, ஒரு செட் வாங்கி வைத்தால் பூனையிலிருந்து நடுத்தர நாய் வரை ஓடிவிடும், லாப்ரடாருக்கு மேல் என்றால் சிறுவர் அளவு.

இரண்டாவது கருவி வாங்கப் பணம் சேர்ந்தால் பலரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்வேன்: கேப்னோகிராஃப். மூச்சு பார்க்கிற கருவிக்கு ரத்த ஓட்டத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். மூச்சில் வெளியே வருகிற கரியமில வாயுவை நுரையீரலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே ரத்தம்தான். வழக்கமாக 35 முதல் 45 வரை நிற்கிற எண், மூச்சு மாறாமல் இருக்கும்போதே திடீரென்று 20க்கு விழுந்தால், இதயம் தள்ளுவது குறைந்துவிட்டது என்று அர்த்தம், குழாய் கழன்றிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே நாடியைத் தேட வேண்டும். இதயம் நின்று மார்பை அழுத்தும்போதும் அழுத்துவது சரியாகப் போய்ச் சேருகிறதா என்று சொல்லக் கைவசம் இருக்கிற நல்ல அளவுகோல் இதுதான். மூச்சுக்குழாயில் டியூப் போடாத விலங்கில் பெரிய பிரயோசனம் இல்லை, ஒரு கிலோ குட்டிப் பூனையில் கருவி உறிஞ்சுகிற காற்று அதிகமாகி எண் குறைவாகக் காட்டும். டியூப் போடாமல் ஊசியிலேயே எல்லாம் செய்கிறவர் இதை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார், அதனால் முதலில் டியூப் போடப் பழகுங்கள்.

ரத்தக் குழாய்க்குள்ளேயே ஊசி விட்டு அளப்பதுதான் எல்லாவற்றிலும் துல்லியம், ஒவ்வொரு துடிப்புக்கும் எண் வரும். நாயில் பின்னங்கால் மேல்புறத் தமனி, 22 அல்லது 24 கேஜ் கானுலா. அளவி இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும், 10 செ.மீ. கீழே இறங்கினால் 7 சொச்சம் கூட்டிக் காட்டும். தினசரிக் கருத்தடைக்கு இதெல்லாம் வேண்டாம், தவறிப்போய் அந்தக் குழாயில் மருந்தை ஏற்றிவிட்டால் கால் போகும், அதனால் சிவப்புப் பிளாஸ்டர் சுற்றிக் குறியிடாமல் விடக் கூடாது.

ஆனால் ஆடு மாடு பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளாட்டின் காதில் தமனி கண்ணுக்கே தெரிகிறது, கானுலா போட நாயைவிட எளிது. சிறுநீர் அடைத்துக்கொண்டு வருகிற கிடாவை மல்லாக்கப் படுக்கவைத்தால், ரூமன் என்கிற பெரிய இரைப்பை பெரிய சிரையின் மேல் உட்கார்ந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும், அழுத்தம் சட்டென்று விழும். ஆட்டு மாட்டுக்குச் சைலசின் மிகக் குறைந்த அளவிலேயே பலமாகப் பிடிக்கும், குதிரைக்குப் போடுவதில் பத்தில் ஒரு பங்கு போதும், செம்மறிக்கு நுரையீரலில் நீர் கோத்து ஆக்ஸிஜன் விழுவதும் உண்டு. அதனால் ஆட்டுக்கு ஆக்ஸிமீட்டரும் பிபியும் இரண்டுமே கேட்பேன், ஒன்றுதான் முடியும் என்றால் ஆக்ஸிமீட்டர். பொய்கைச் சந்தையில் வாங்கிய மாட்டுக்கு நின்றபடியே மரப்பு ஊசி போட்டு வயிறு திறக்கிறவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

ஆக, யாருக்கு எது? முகாம் மாதிரி ஊசி மயக்கத்தில் வரிசையாகக் கருத்தடை செய்கிறவர்களுக்கு நல்ல நாக்குக் கிளிப்போடு ஆக்ஸிமீட்டர், கூடவே விரலும் ஸ்டெத்தும். கேஸ் மெஷின் வைத்து இரண்டு பேர் வேலை செய்கிற கிளினிக்குக்கு டாப்ளர், பிறகு கேப்னோகிராஃப். மூன்றாவது ஆள் இருக்கிற, பெரிய ஆபரேஷன் வாரா வாரம் நடக்கிற இடத்துக்கு மல்டிபாரா நியாயமான செலவு. அங்கேயும் டாப்ளரைத் தூக்கிப் போடாதீர்கள். செகண்ட் ஹேண்ட் மானிட்டர்தான் என்று முடிவு செய்துவிட்டால், பணம் கொடுக்கும் முன் பச்சிளம் குழந்தை அமைப்பு அதில் இருக்கிறதா, சின்ன கஃப் அதற்குப் பொருந்துமா, துடிப்பு எண்ணிக்கை 200க்கு மேலும் காட்டுமா என்று கேளுங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கடையிலேயே பாருங்கள். மே மாதத்து மதியம் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, எதை வாங்கினாலும் கடைசித் தையல் போட்டதும் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிற பழக்கம். அந்தப் பிரிட்டன் ஆய்வில் இறந்த நாய்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவும், பூனைகளில் 60 சதவீதத்துக்கும் இறப்பு ஆபரேஷன் முடிந்த பிறகு வந்தது, பெரும்பாலும் முதல் 3 மணி நேரத்துக்குள். அந்த நேரத்தில் கேஸ் நின்றிருக்கும், ஆக்ஸிஜன் நின்றிருக்கும், உடம்பு குளிர்ந்திருக்கும், டாக்டர் அடுத்த ஆபரேஷனுக்குக் கை கழுவிக்கொண்டிருப்பார். வெளிக்காற்றை மட்டும் சுவாசிக்கிற அந்த நேரம்தான் ஆக்ஸிமீட்டர் சம்பளத்துக்கு வேலை செய்கிற நேரம். நாக்கை உள்ளே இழுத்துக் கிளிப்பைத் துப்பும் வரை அது அங்கேயே இருக்கட்டும்.